அந்துருண்டையும் அரை பாட்டில் சோடாவும்

என் தம்பி பிறந்த எட்டாம் நாள் மஞ்சளாகிப் போனதற்கு நான்தான் காரணமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. நெட்டுக்குப்பத்தில் இருந்தோம். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் போட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள் தம்பிக்கு என்று முடிவானதும், அவற்றைக் காக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. வெளியே காயப்போட்டால் அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் படியும். உள்ளே வைத்தால் பாச்சை வரும். ஆகவே தகரப் பெட்டி, அதில் அந்துருண்டை. இரண்டு போதும் என்று அத்தை சொல்லியிருந்தார். இரண்டே காப்பாற்றும் என்றால் முழுப் பொட்டலம் எவ்வளவு காப்பாற்றும் என்று நான் யோசித்தேன். முழுவதையும் கொட்டி மூடினேன்.

தம்பி வந்தான். சாம்பலுக்குப் பயந்து சட்டைகளை வெயிலில் காட்டவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போட்டோம். அவன் மேல் என் பெட்டி வாசனை வீசியது. எனக்கு ஒரே பெருமை.

எட்டாம் நாள் அவன் துணியில் டிகாக்‌ஷன் நிறத்தில் மூத்திரக் கறை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. நைனா அன்று கடலுக்குப் போகாமல் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தம் ஏற்றினார்கள். பிழைப்பானா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் பிழைக்கமாட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் தேடியவர் அத்தை. புழுக்கம் தாங்காமல் அம்மா ஒரு மத்தியானம் அரை பாட்டில் சோடா குடித்திருந்தார். வாங்கிவந்தவள் நான்.

“பச்ச ஒடம்புக்காரி ஜில்லுனு சோடா குடிச்சா, புள்ளைக்கு எறங்காம இன்னா பண்ணும்?”

அந்த அரை பாட்டில் சோடா அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

தம்பி பிழைத்து வீடு திரும்பியபோது, மிச்சச் சட்டைகளோடு பெட்டியைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “தல நோவுதுடி. இந்த நாத்தம் இனிமே இந்த வூட்ல வாணாம்.” உருண்டைகளைக் குப்பையில் கொட்டி, சட்டைகளைத் துவைத்து, வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி இரண்டு நாள் காயவைத்தார். என் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போன கோபத்தில் நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

போன வாரம், பிறந்து இருபது நாளான என் மகனின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி அவனுக்குப் பலவீனமாக இருக்கிறதாம். நொதி என்பது நீளமான சங்கிலி. சரியாக மடிந்து, சரியான வடிவத்தில் நின்றால்தான் வேலை செய்யும். இவனுக்குச் சங்கிலியில் ஒரு கண்ணி மாறியிருக்கிறது, அதனால் மடிப்பு சீக்கிரம் குலைகிறது என்றார் டாக்டர். எனக்கு நைனாவின் தூண்டில் முள் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்துபோன முள்ளை அவர் தூக்கிப்போட்டுவிடுவார். இரும்பு அதே இரும்புதான். வளைவு போனால் மீன் நிற்காது. சாதாரண நாட்களில் இந்தக் குறை வெளியே தெரியாதாம். சில மாத்திரைகளோ அந்துருண்டையோ உடம்பில் சேர்ந்தால், காவல் இல்லாத சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

அந்துருண்டை என்றதும் நான் டாக்டரை நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னைக்கு அதனாலதான்னு இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா. பச்சக் குழந்தைக்கு மஞ்சள் வர நிறைய காரணம் இருக்கு” என்றார். தம்பிக்கும் பரிசோதித்தோம். அதே குறை. அவன் சிரிக்கிறான்: “இன்னாக்கா, அப்பவே என்னைத் தூக்க ஸ்கெட்ச் போட்டுக்கீற.”

பதில் கிடைக்காவிட்டாலும் எனக்கு வேலை இருக்கிறது. மாமியாரின் பீரோவைக் காலிசெய்து அலசினேன், அவருக்கு வருத்தம்தான். ஆகாத மருந்துகளின் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். யாராவது அந்துருண்டை போட்டிருக்கிறார்களா என்று குளியலறை மூலையை ஒரு நாளைக்கு இரண்டு முறை முகர்ந்து பார்க்கிறேன். இது அதிகமோ என்று தோன்றுகிறது. இருந்தும் முகர்கிறேன்.

முப்பதாம் நாள் பெயர் வைக்கிறோம். அத்தை வருவார், சோடாவும் வரும். இந்த முறை எல்லார் முன்னாலும், சோடாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லப்போகிறேன். அம்மாவிடம் மட்டும் அதற்கு முன்பே தனியாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் தயங்குகிறேன். இந்தக் குறை தாய் வழியாக மகனுக்கு வருவது. என்னிடமிருந்து என் மகனுக்கு. அம்மாவிடமிருந்து தம்பிக்கும் எனக்கும். இத்தனை வருடம் சுமந்த சோடாவை இறக்கிவைத்த கையோடு, இதைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுவேனோ?

மூன்று நாள் பேசாமலிருந்த அந்தச் சிறுமிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. காரணம் எதுவும் அறியாமல், வெறும் தலைவலியால், அம்மா அன்று தம்பியை மறுபடி மஞ்சளாகாமல் காப்பாற்றியிருக்கலாம். அதிலிருந்து தொடங்கினால் சரியாக இருக்குமா? சொல்வது என்று முடிவெடுத்துவிட்டேன். முதல் வாக்கியம்தான் வரவில்லை. அம்மாவிடம் இப்படி ஒன்றைச் சொல்லி முடித்தவர்கள், எதை முதலில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.