லீலா அக்கா கேட்ட குளத்து மீன்

போன கிழமை ஒரு நாள் விடியவே யோசேப்பு அண்ணை போன் எடுத்தார். குருநகர்க் கடற்றொழிலாளி. பக்கத்தில் நின்று கதைத்தாலும் காற்றுக்கு எதிரே கத்துகிற மாதிரித்தான் கதைப்பார். அன்றைக்குக் குரல் அடங்கியிருந்தது.

"தம்பி, உனக்குக் குளத்து மீன் பிடிக்கத் தெரியுமெல்லோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளத்து மீன் என்றாலே 'சேத்து மீன்' என்று மூக்கைப் பொத்துகிற மனுசன்...

"ஏன் அண்ணை, கடல் வத்திப் போச்சோ?"

"லீலா கேக்கிறா."

பிறகு நான் சிரிக்கவில்லை.

லீலா அக்கா அவருடைய மனைவி. வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தடியில் பிறந்து வளர்ந்தவ. கலியாணம் கட்டிக் குருநகருக்கு வந்த பிறகு வீட்டில் பாரை, விளை, ஓரா, நண்டு – எதற்கும் குறைவில்லை. குளத்து மீன் மட்டும் இல்லை. வந்த புதிதில் ஒருமுறை ஜப்பான் மீன் வாங்கிச் சமைத்தாவாம். திலாப்பியாவுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. ஜப்பானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ, யாருக்குத் தெரியும்?

"கடற்காரன் வீட்டிலை சேத்து மீனோ? ஊர் சிரிக்கும்" என்றாராம் அண்ணை. சண்டை இல்லை, பகிடிதான். அக்காவும் சிரித்துக்கொண்டே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறா. புற்றுநோய். சாப்பாடு இறங்குவதில்லை. டொக்டர் அண்ணையைத் தனியே கூப்பிட்டு, "அவ விரும்பினதைக் குடுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதைச் சாப்பிடாதே, அதைத் தொடாதே என்று சொல்லும்வரை பயமில்லை. விரும்பினதைக் கொடுக்கச் சொல்லிவிட்டால்...

அண்ணை கேட்டிருக்கிறார். அக்கா யோசிக்கவே இல்லையாம். "ஜப்பான் மீன் சொதி." அவரும் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிச் சமைப்பித்துக் கொண்டு போயிருக்கிறார். அக்கா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐசிலை கிடந்தது" என்று தள்ளிவிட்டா. குளத்தடியில் வளர்ந்தவளை ஏமாற்ற முடியுமா?

எனக்கு இந்த வித்தை தெரிந்தது பெருமைப்படுகிற வழியில் இல்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், குளம் இருந்த இடத்தில் எங்களுக்குக் கறி இருந்தது. அரிசி இல்லாத நாளில் மீனே சோறு. அவ்வளவுதான்.

தென்மராட்சிப் பக்கம் ஒரு சின்னக் குளத்துக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. முழங்காலளவு தண்ணீர், பால் தேத்தண்ணி நிறத்தில். அண்ணை நைலோன் நூல், ஈயக்குண்டு, இரைக்கு றால் எல்லாம் கொண்டு வந்திருந்தார். என் கையில் பூவரசந் தடி, மண்புழு, மிதப்புக்கு ஒரு செருப்புத் துண்டு.

"உதென்னடா, ஆடு கலைக்கிற தடியோ?"

"ஓம் அண்ணை. உங்கடை குண்டு ஆருக்கு? திமிங்கிலத்துக்கோ?"

அவர் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கையைச் சுழற்றி நடுக்குளத்துக்கு எறிந்தார். குண்டு சேற்றில் புதைந்தது. இழுத்தார். திரும்பவும் எறிந்தார். கலங்கிய குளம் இன்னும் கலங்கியது. மீன் ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னேரம் நோயாளரைப் பார்க்க விடுகிற நேரத்துக்குள் சமைத்துக்கொண்டு போக வேண்டும்.

"அண்ணை, வெளியாலை வாங்கோ. மீன் அங்கை இல்லை. உங்கடை காலடியிலை."

கரையில் ஒரு பனங்குற்றி விழுந்து கிடந்தது. கலங்கல் தண்ணீரில் மீனுக்கும் கண் தெரியாது. அது இப்படி எதையாவது அணைந்துதான் நிற்கும். நாங்களும் கரையோடு குந்தி, நிழல் விழாமல், இரையைக் குற்றிக்குப் பக்கத்தில் மெதுவாக இறக்க வேண்டும். எறியக்கூடாது.

கிட்ட இருப்பதை விட்டுவிட்டுத் தூர எறிவது கடற்காரருக்கு மட்டும் உள்ள பழக்கமா என்ன?

அண்ணை தடியை வாங்கிக் குந்தினார். செருப்புத் துண்டு ஆடியது. அவர் இழுத்த இழுப்பில் மீனின் வாய் கிழிந்து, அது திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"இழுக்காதேங்கோ அண்ணை. தூக்குங்கோ."

"இவ்வளவு காலமும் இழுத்துத்தானேடா பழக்கம்" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குள் மூன்று மீன் கிடைத்தது, உள்ளங்கையளவில். என் அறையில் வைத்து அண்ணையே சமைத்தார். பச்சைமிளகாய் போடாமல், பால் கூடாமல், தண்ணியான சொதி. ஒரு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு தெல்லிப்பழை பஸ் ஏறினோம்.

மூடியைத் திறந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தா.

"சேத்து மணம்" என்றா. குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதை வாயில் கனநேரம் வைத்திருந்தா. பிறகு கையைக் காட்டினா. காணுமாம், போதுமாம். ஒரு முழுக் காலைப்பொழுதின் பாடு இரண்டரைக் கரண்டி.

"இஞ்சருங்கோ... மிச்சத்தை நீங்கள் சாப்பிடுங்கோ."

"நானோ?"

"ஊர் சிரிக்காது. இது தெல்லிப்பழை."

அண்ணை கட்டில் ஓரத்தில் இருந்து, பிறந்த பிறகு முதல்முறையாகக் குளத்து மீன் சாப்பிட்டார். அக்கா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தா.

"எப்பிடி?"

"விளைமீனை விடத் திறம்."

"பொய்."

"சேசுவாணை."

"அப்ப நான் ஊரிலை இருந்து கொண்டந்த ருசி பிழையில்லை எண்ணுறியள்."

அண்ணை குனிந்து கோப்பையை வழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஓடியது. "முள்ளுக் குத்திப் போட்டுது" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மா பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. "வெறுஞ்சோறு கொஞ்சம் விழுங்குங்கோ தம்பி, இறங்கிவிடும்" என்றா.

அக்காவுக்கென்று அந்த மீனில் இருந்த முள்ளையெல்லாம் எடுத்தவன் நான். ஒன்றுகூட விடவில்லை.