சிமென்ட்டை உடைக்க ஓர் அனுமதி

காக்ஸ் டவுனில் இருந்துகொண்டு ஊர் முழுக்கத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பொம்மசந்திரா பக்கம் ஏரியை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சங்கத் தலைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வேலூர்க்காரர். மதிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த சதுப்பு நிலத்தில் பில்டர் சிமென்ட் கொட்டி, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டுப் போயிருந்தார். மழை பெய்தால் தண்ணீர் கீழ்த்தள வீடுகளுக்குள் புகுந்தது.

"இதைப் பேத்துட்டுக் கோரையும் வெட்டிவேரும் வெச்சுக் குடும்மா. ஏரிக்குப் போற தண்ணி ஏரிக்கே போகட்டும்" என்றார் டீச்சர்.

ஏரிக்கரையில் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும். அது தேவையான சட்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வரைபடத்தோடு அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போனேன். என் கன்னடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அதிகாரி தமிழுக்கு மாறினார்.

"ஏரி பக்கத்துல எதுவும் பண்ணக் கூடாது மேடம்."

"பண்ணப் போறதில்ல சார். பண்ணி வெச்சதை எடுக்கப் போறோம்."

"எடுக்கறதும் வேலைதானே?"

அவர் சர்வே அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் இன்னோர் இலாகாவுக்கு அனுப்பினார்கள். அங்கே, முதல் அதிகாரி கையெழுத்துப் போடாமல் எங்களால் ஒன்றும் முடியாது என்றார்கள். கோடை முழுக்க இப்படியே அலைந்தேன்.

ஒரு நாள் காலையில் டீச்சர் போன் செய்தார். எதிர்க்கரைக்கு லாரிகள் வருகின்றன என்றார். போய்ப் பார்த்தேன். இடித்த கட்டடங்களின் செங்கல்லும் கம்பியும் கோரைப்புல்லின் மேல் மலையாகச் சரிந்துகொண்டிருந்தன. நீர்க்கோழிகள் கூடு கட்டும் இடம் அது. செருப்பில் சேறோடு நேராக அதிகாரியிடம் போனேன்.

"அவங்க பர்மிஷனே கேக்கலயே மேடம். கேக்காதவங்க ஃபைல் எங்ககிட்ட எப்படி இருக்கும்? நீங்க கேட்டீங்க, அதனால பாக்கறோம். ஸ்வல்ப... கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

நிதானமாகத்தான் சொன்னார். கேலிகூட இல்லை. அவர் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படியே வெளியே வந்துவிட்டது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மறுநாள் டீச்சர் தன் சின்னக் காரை லாரிகள் வரும் மண்பாதையின் குறுக்கே நிறுத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். பின்னால் லாரிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன. போலீஸ் வந்தது. லாரிக்காரர்களை எதுவும் கேட்கவில்லை.

"வண்டிய எடுங்கம்மா, டிராஃபிக் ஜாம் ஆகுது" என்றார் ஏட்டு.

"மொதல்ல அந்த லாரிய எடுக்கச் சொல்லுங்க" என்றார் டீச்சர், ஸ்டியரிங்கை விடாமல்.

கூட்டம் கூடி, செல்போன்கள் படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அனுமதி அதிகாரி வந்தார். அன்றைக்கு லாரிகள் திரும்பின. சில நாளில் எங்களுக்கு அனுமதியும் வந்தது. எங்கள் வாயை அடைக்கத்தான் அதைக் கொடுத்தார்கள் என்பது, லாரிகள் மறுபடி வந்தபோது புரிந்தது. எத்தனை புகார் கொடுத்தும் அவை நிற்கவில்லை.

சிமென்ட்டை உடைத்தோம். மழைக்கு முன் நட்ட கோரை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் ஏறவில்லை. அதைக் கொண்டாடச் சங்கத்தார் ஒரு விழா வைத்து, அதே அதிகாரிக்குச் சால்வை போட்டார்கள். அவர் ஒத்துழைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எதிர்க்கரையில சதுப்பு இருந்த இடத்துல இப்ப காம்பவுண்டு சுவர் நிக்குது. அதுக்கு யார் ஒத்துழைச்சாங்கன்னு சார்கிட்டயே கேளுங்க" என்றேன்.

சங்கச் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "நாளைக்கும் இவங்ககிட்டதான் நாம போகணும், தெரியுமில்ல?" என்று காதருகே சீறினார். கைதட்டியவர் டீச்சர் மட்டும்தான். தோட்டப் பராமரிப்பை அடுத்த மாதமே, டீச்சர் தடுத்தும், வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. வேறு தோட்டம் கிடைத்தது. அந்தச் சுவர் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.