பிள்ளை ஆசனமும் ஒன்பது நற்சான்றுகளும்

என் கணவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கைக்கு வரவிருந்த பேட்டன்டைக் கெடுத்தன.

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவர் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர், நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. மகளுக்கு ஒன்றரை வயதானபோது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். ஒருநாள் டவுனுக்குப் போகும் வழியில் பிள்ளை தூங்கிச் சரிந்துவிட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்ததில்தான் தப்பினாள். வீடு வரும்வரை அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து இரும்புக் குழாயில் செய்த ஒரு சின்ன ஆசனத்தைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பூட்டினார். முதுகுப் பக்கத்திலும் கால் வைக்கும் இடத்திலும் வரிசையாக ஏழு துளைகள். பிள்ளை வளர வளர, குறுக்கே செருகிய ஒரு இரும்புப் பின்னைக் கழற்றி அடுத்த துளையில் போட்டால் ஆசனமும் வளரும். குலுக்கலில் பின் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். பெல்ட்டுக்கு என்னுடைய நல்ல பள்ளிப் பையின் வாரை அறுத்திருந்தார். அதற்கும் திட்டினேன். ஆனால் அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆசையைத் திட்டாமல் வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தார். இரண்டு வருடத்தில் ஒன்பது ஆசனங்கள் எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் ஓடின. அப்போதுதான் எங்கள் பாடசாலை அதிபர், "இதுக்கு பேட்டன்ட் எடுங்க டீச்சர், இல்லாட்டி வேற எவனாவது தன்னோடதுன்னு சொல்லிருவான்" என்றார்.

என் கணவருக்கு அது பிடித்துப்போனது. இலங்கைப் பிரஜாவுரிமைக் காகிதத்துக்காக அலைந்து அலைந்தே செத்துப்போனவர் என் மாமனார். "எங்கப்பா பேரு ஒரு காயிதத்திலயும் ஒழுங்கா இல்ல புள்ள. நா செஞ்ச சாமான்னு கவர்மென்டு என் பேர போட்டு ஒன்னு குடுத்தா போதும்" என்றார். வேறெதற்கும் ஆசைப்படாத மனிதர். எப்படியாவது இதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சில மாதங்களில், செய்த பொருளோடு கொழும்புக்கு வரும்படி கடிதம் வந்தது. வடக்கில் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். சாக்கில் கட்டிய இரும்புக் குழாயோடு தமிழ் ஆள் கொழும்புக்குப் போவதென்றால் சும்மாவா? சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். நான் அடையாள அட்டையைத் தேடி எடுத்து நீட்டினேன். இவரோ சாக்கை அவிழ்த்து, சிங்களத்தில் அந்தச் சிப்பாய்க்குத் துளைதுளையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவனுக்கும் வீட்டில் கைக்குழந்தையாம். "அந்தத் தம்பிக்கும் ஒன்னு செஞ்சு குடுக்கணும்" என்றபடி பஸ் ஏறினார். நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

பேட்டன்ட் அலுவலகத்தில் பரிசோதித்தவர் ஒரு சிங்கள அம்மா. பின்னைக் கழற்றினார், மாட்டினார், தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ரப்பர் வளையத்தைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். வெளிநாட்டு வரைபடங்களையெல்லாம் தேடிப் பார்த்ததாகவும், மோட்டார் சைக்கிளுக்கு இப்படியொரு பூட்டு எதிலும் இல்லை என்றும் சொன்னார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு எதற்கும் கடிதம் வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஐடென்டி கார்டு எடுக்க, எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் நம்மைத் தெரியும் என்று எழுதித் தர வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஆசனம் வாங்கிய ஒன்பது பேரிடமும் நற்சான்று வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் என் கையெழுத்து, அழகான சிங்களத்தில், வாங்கிய திகதியோடு. கீழே அவரவர் ஒப்பம். அந்தக் கடிதக் கட்டைப் பெருமையோடு எடுத்து மேசையில் வைத்தேன்.

அந்த அம்மா வாசிக்க வாசிக்க முகம் வாடியது. விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே நீங்களே ஊருக்குக் கொடுத்துவிட்ட பொருளைச் சட்டம் புதியதென்று ஏற்காது என்றார். மற்ற எட்டும் அந்த ஒரு வருடத்துக்குள் வருபவை என்பதால், முதல் கடிதத்தை மட்டும் இவர் பக்கம் நகர்த்தி, "இந்தத் திகதி சரிதானா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அது பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் தங்கள் விபத்து நாளையும் குறித்துக் கொடுத்த கடிதம். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் அவர்கள் பைக் வளைவில் சறுக்கி, தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் கை கால் உரிந்தது. ஆசனத்தில் இருந்த பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"சரிதான் நோனா," என்றார் இவர். "அந்தப் பிள்ளையை ஆசனத்தோடு தூக்கியவனே நான்தான்."

திரும்பும் பஸ்ஸில் அவிசாவளை வரும்வரை பொரிந்து தள்ளினேன். "ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்த சொன்னா என்னங்க?"

"அந்தப் புள்ள பொழைச்சத எப்படி இல்லைன்னு சொல்றது?"

எனக்கு அழுகைதான் வந்தது. கெடுத்தது அவர் இல்லை, நான். அவரோ சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, "கடுதாசியெல்லாம் ஜோரா எழுதியிருந்த புள்ள, அந்தம்மா ஒன்னு விடாம படிச்சிச்சே" என்று என்னைத் தேற்றினார்.

ஒரு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்ன தோட்டத்தைச் சேர்ந்த இன்னார் தாமே வடிவமைத்துச் செய்த இந்த ஆசனம், விண்ணப்பத்துக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பிருந்தே பொதுமக்களின் பாவனையில் இருந்தமை உறுதியாவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"மறுபடி படி" என்றார். படித்தேன். "பேரு சரியா போட்டிருக்கா?" எழுத்துப் பிசகாமல் முழுப்பெயரும் இருந்தது, தகப்பன் பெயரோடு.

மறுநாளே டவுனுக்குப் போய் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்கு மானம் போனது. கிடைக்கவில்லை என்று எழுதிய கடிதத்தை யாராவது சுவரில் மாட்டுவார்களா? ஆட்கள் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மகளின் வகுப்பாசிரியர் வந்தார். நான் அடுப்படியில் இருந்ததால் மறைக்க முடியவில்லை. "பேட்டன்டுங்களா?" என்று அவர் கேட்பது கேட்டது.

"அது கெடைக்கலங்க. நாந்தான் செஞ்சேன்னு கவர்மென்டு எழுதிக் குடுத்திருக்கு, எங்கப்பா பேரும் இருக்கு. படிச்சுப் பாருங்க."

வந்தவர் எழுந்து கிட்டப் போய் வாசிக்கத் தொடங்கினார். அவர் கடைசி வரிக்கு வரும்வரை, குறுக்கே போய் மறைக்காமல், தேத்தண்ணியோடு கதவோரமே நின்றேன்.