கிங்ஸ் சர்க்கிளில் ஏழு சுற்று

எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு கிழட்டுக் கார். யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மாதுங்காவில் ஒரு பார்சிப் பெரியவரின் பங்களாவில் நின்றது. அப்பா அதற்கு டிரைவர். தாராவியிலிருந்து தினமும் நடந்தே போய், அதைத் துடைத்து, பெரியவரைக் கோயிலுக்கும் டாக்டரிடமும் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார். வேறு எந்த வண்டியையும் அப்பா ஓட்டி நான் பார்த்ததில்லை. யாரும் அவரை நம்பி வேறு வண்டி கொடுத்ததும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். காரின் முன் சக்கரம் இரண்டிலும் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் விட்டிருப்பதை அப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பாவத்துக்கு அவரே போய்ச் சொல்லவும் வேண்டியிருந்தது. பெரியவரின் மகனுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பொருத்தமான சக்கரம் கிடைத்தால் கார் இருக்கும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப்போவான் என்று சொல்லிவிட்டாராம். கார் இல்லாத வீட்டில் டிரைவருக்கு என்ன வேலை?

அந்த வாரம் முழுவதும் எங்கள் ஒற்றை அறையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். "கெடச்சிரும்லா?" என்று அம்மா கேட்பாள். அப்பா தலையை ஆட்டுவார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குப் பிடிபடாது. குர்லாவில் பார்த்தார், பாண்டுப் வரை போய்ப் பார்த்தார். அந்தச் சக்கரத்தைச் செய்வதை நிறுத்தியே பல வருஷமாகிவிட்டது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட எனக்கு அந்தச் சக்கரத்தின் ஞாபகம்தான்.

மிச்சமிருந்தது பழைய சாமான்கள் விற்கிற சோர் பஜார்தான். விரிசல் விட்ட சக்கரத்தை அளவு பார்க்கக் கடை கடையாகச் சுமக்க முடியாதே என்று அப்பா தவித்தபோது அம்மா ஒரு வழி சொன்னாள். அவள் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவள். எந்த அளவையும் முதலில் செய்தித்தாளில் வெட்டிக்கொள்வாள். அதே போல, காரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனிகளில் குங்குமத்தைத் தடவித் தாளை வைத்து அழுத்தச் சொன்னாள். அப்பா அப்படியே செய்தார். ஐந்து சிவப்புப் பொட்டுகளும் நடுவில் ஒரு வட்டமும் விழுந்தன. அந்தத் தாளை மடித்துக் கொடுத்தபோது அம்மாவின் முகத்தில், அந்த வாரத்தில் முதல் தடவையாக, கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

சனிக்கிழமை டிராமில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஜாரில் சக்கரங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அப்பா ஒவ்வொன்றின் மேலும் தாளை விரித்துப் பார்த்தார். ஒன்றில் நாலே துளை. ஒன்றில் ஐந்து இருந்தும் நெருக்கிக்கொண்டிருந்தன. வெயில் இறங்கும் நேரத்தில், ஒரே ஜோடியாக இரண்டு சக்கரங்கள் அகப்பட்டன. ஐந்து பொட்டும் ஐந்து துளைக்குள் அழகாக உட்கார்ந்தன. "ஏக்தம் பராபர்!" என்று, கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்கிற மாதிரி, கடைக்காரர் தொடையைத் தட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கைநிறையத் தடித்த வாஷர் வளையங்களையும் சும்மா கொடுத்தார். அவர் தாராளத்தை நான் மெச்சிக்கொண்டேன்.

சக்கரங்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அப்பா எனக்கொரு வாக்குக் கொடுத்தார். நாளை சக்கரத்தை மாட்டியதும், வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில், என்னை உட்காரவைத்து கிங்ஸ் சர்க்கிள் வட்டச் சாலையை ஒரு சுற்று. முதலாளியின் காரில் அதுவரை நான் விரல்கூட வைத்ததில்லை.

மறுநாள் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். சக்கரங்கள் ஏறிவிட்டன. நான் குதித்தேன். அப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தார். கரகரவென்று ஒரு சத்தம். புதுச் சக்கரம் ஒரு விரற்கடை அதிகமாக உள்ளே போய் உட்கார்ந்து, டயர் அங்கிருந்த கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. தாளுக்கு நீளமும் அகலமும் தெரியும், ஆழம் எப்படித் தெரியும்?

அப்பா இறங்கிக் குத்தவைத்து, உரசுகிற இடத்தை விரலால் அளந்து பார்த்தார். பிறகு சக்கரங்களைக் கழற்றி, போல்ட்டுகளில் அந்த வாஷர்களைக் கோத்து மறுபடி மாட்டினார். உரசல் நின்றது. ஆனால் நட்டுகள் முன்போல ஆழமாக ஏறாமல், போல்ட்டின் நுனியில் இரண்டு மூன்று சுற்றிலேயே முடிந்துவிட்டன. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கதவைத் திறந்து காலை வைத்தேன்.

"எறங்குட்டி," என்றார் அப்பா. அவர் அப்படி ஒருநாளும் என்னிடம் அதட்டிப் பேசியதில்லை.

நான் நடைபாதையில் நடக்க, கார் என் பின்னால் ஊர்ந்து வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பூக்கடைப் பக்கம் என்னை நிறுத்தி, "இங்ஙனயே நில்லு. அசையப்படாது," என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சுற்ற ஆரம்பித்தார். முதல் சுற்று மெதுவாக. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இறங்கி நட்டுகளில் ஸ்பானரை வைத்துப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். அடுத்த சுற்று இன்னும் வேகமாக. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏழு சுற்று எண்ணினேன். ஏழாவதில் இறங்கியவர் ஸ்பானரை எடுக்கவே இல்லை. விரலால் தொட்டதும் நட்டு சுழன்றது. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

நட்டுகளை முடுக்கி, ஊர்ந்தே பங்களாவுக்குத் திரும்பினோம், அவர் காரில், நான் நடையில். பெரியவரின் மகன் வராந்தாவில் காத்திருந்தார். சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா இந்தியில் சொன்னது எனக்கும் புரிந்தது. இந்தச் சக்கரம் பொருந்தாது, இன்றைக்கு ஓடும், ஒருநாள் கழன்றுவிடும், பெரியவரை வைத்து நான் ஓட்டமாட்டேன். சாவியை மேஜையில் வைத்தார். போதும் என்று மகன் தலையசைத்தார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். வேலை போனதைக் கேட்டும் கலங்காமல், தட்டை எடுத்துச் சோறு போடப் போனாள். இதுதான் சமயம் என்று நான் என் வழக்கை வைத்தேன். அப்பா என்னைத் தெருவில் நிற்கவைத்துவிட்டு, தான் மட்டும் ஏழு சுற்று சுற்றினார்.

தட்டு கீழே விழுந்தது. "கோட்டி புடிச்சிட்டா உங்களுக்கு? தெரிஞ்சும் ஏறிச் சுத்துனியளா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நானும் இவளும் எங்க போவோம்?" என்று கத்தினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அம்மா என் பக்கம் இவ்வளவு பலமாக நின்றதில் எனக்குப் பெருமைதான். இருந்தாலும் ஒரு சுற்றுக்காக இத்தனை அழுகை வேண்டாம் என்று தோன்றியது.

"போட்டும்மா," என்று சமாதானம் சொன்னேன். "அடுத்த தடவ அப்பா என்னையும் கூட்டிட்டுப் போவாவ."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். நல்லதுதானே சொன்னேன், ஏன் பொத்தினாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.