தளவாய் சார் போட்ட ஒப்பு

கரமனையில் ஒரு ஹோட்டலில் பலகாரம் போடும் சரக்கு மாஸ்டராக இருந்த பால்பாண்டியின் மூத்த மகன் தளவாய். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கோட்டு போட்டவன். தினக்கூலிக்காரர்களுக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்று ஆறு வருஷம் ஆராய்ந்து தொண்ணூற்று நாலில் டாக்டர் பட்டம் வாங்கினான். அப்புறம் ஒரு தனியார் நிர்வாகக் கல்லூரியில் தொழிலாளர் சட்டமும் மனிதவளமும் சொல்லிக்கொடுத்தான். பத்து வருஷமாக வெறும் லெக்சரர். பேராசிரியர் பதவி இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போனது.

அவனுடைய அத்தை மகள் பூமாரி அதே கல்லூரியில் பெருக்கித் துடைத்தாள். எதிர்ப்பட்டால் இவன் சுவரைப் பார்த்து நடப்பான்.

இரண்டாயிரத்து நாலில் அவளைத் திடீரென்று நிறுத்தினார்கள். ஏழு வருஷம் வேலை பார்த்தேன் என்று அவள் லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். கல்லூரி எழுதிய பதிலை டைரக்டர் தளவாய் முன்னால் நகர்த்தி மலையாளத்தில் சொன்னார்.

"ஒரு ஒப்பு மதி, தளவாய் சாரே. அடுத்த மாசம் புரொபசர் ஆர்டரிலே ஞானும் ஒப்பிடாம்."

காகிதத்தில் இருந்தது இதுதான்: வருஷத்தில் ஆறு மாதம் பூமாரி வேலை பார்த்தாள், ஆறு மாதம் லீலாபாய். இரண்டு பேரையும் தளவாய் நேரில் அறிவார் என்றும் எழுதி, கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பர்சனல் ஆபீசர் சாய் தளவாயிடம் படித்தவன். பக்கத்தில் நின்று சிரித்தான். "எல்லாம் சார் கிளாஸ்ல சொன்னதுதான். வருஷத்துல இருநூத்து நாப்பது நாள் ஆயிட்டா சும்மா நிறுத்த முடியாதுன்னேளே! அதான் பேரை மாத்தி மாத்தி எழுதிண்டேன். பூமாரிகிட்ட வேற ஒரு பேர் சொல்லும்மான்னேன், தங்கை பேரைச் சொன்னா."

தளவாய்க்கு வாயெல்லாம் புளித்தது. லீலாபாய் எண்பத்தொன்பதிலேயே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் இவனும் ஒருத்தன். செத்தவளைக் கக்கூஸ் கழுவ வைத்திருக்கிறார்கள், அதுவும் இவன் நடத்திய பாடத்தை வைத்து! சீ என்று வந்தது. யோசித்துப் போடுகிறேன் என்று சொல்லிக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டான்.

விசாரணை அன்று டைரக்டர் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தான். லேபர் ஆபீசரம்மா கேட்டதும் எழுந்து நின்றான்.

"லீலாபாய் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. ஏழு வருஷமும் வேலை பார்த்தது பூமாரிதான்."

டைரக்டர் பல்லைக் கடித்தார். அந்தம்மா, வேலைக்கு வந்த நாள் குறிக்கும் ஆஜர்ப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். லீலாபாய் பேர் எழுதிய பக்கங்களில் எல்லாம், மாடிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரே கையெழுத்து.

"இது ஆருடெ ஒப்பு?"

"என்னோடதுதான்."

"வாயிச்சு நோக்கியில்லே?"

"இல்லை."

ஆஜர்ப் புத்தகத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் நடத்திவிட்டு, வெளியே வந்து, அந்த மாடிக்குப் பொறுப்பாளர் என்று நீட்டிய இடத்திலெல்லாம் பார்க்காமல் கிறுக்கிய ஒப்பு. டைரக்டரைவிட, சாயைவிட, தன் கையைப் பார்க்கத்தான் அவனுக்கு அதிகம் குமட்டியது.

மூன்று மாதத்தில் பூமாரியைத் திரும்ப எடுத்தார்கள். தளவாய்க்குப் பதவி வரவில்லை. அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் படியிறங்கும்போது "பூமாரி" என்று கூப்பிட்டான்.

அவள் நின்றாள். "அவங்க கள்ளன்மாரு, தெரிஞ்சே எழுதினாங்க. நீங்க பாக்கவே இல்லியே அத்தான்."

குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.