கூண்டில் ஏறாத நீதிபதி

எங்கள் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையரானவர், மனைவி இறந்தபின் தேரடித் தெரு வீட்டில் தனியாக இருந்தார். எண்பதுகளின் தொடக்கம். நான் அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒருநாள் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தார், கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார்.

"உன் பையனுக்குக் குடும்மா. எனக்கு இனிமே எதுக்கு?"

முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க சார். செத்துடலாம்னு தோணுதுங்களா?"

அவர் உடைந்து அழுதார். "ஆமாம்மா. எந்நேரமும் அதே நெனப்புதான். யாராவது கேக்கமாட்டாங்களான்னு இருந்துச்சு."

நான் புத்தி சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து கேட்டேன். என்னைக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் வந்ததும் ரிக்‌ஷா வைத்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

"வயசானா இப்படித்தான்னு விட்டுடாதீங்க," என்றார் டாக்டர். "இது வியாதி. மருந்து இருக்கு. தனியா மட்டும் விடாதீங்க."

போளூரிலிருந்து அவர் தங்கை வந்து தங்கினார். ஆபீஸ்காரர்கள் முறைபோட்டு அவர் வீட்டுக்குப் போய்வந்தோம். சில வாரம் கழித்து என் சாம்பாரைச் சாப்பிட்டவர், "உப்பு கம்மிம்மா" என்றாரே பார்க்கணும்! குறை சொல்லுமளவுக்கு நாக்குக்கு ருசி திரும்பிவிட்டதே என்று எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸ் நாடகத்தில் நீதிபதியாக நடிக்க வேண்டியவருக்கு மாற்றலாகிவிட்டது. ஒத்திகை பார்க்க வந்திருந்த நம்ம ஹெட்கிளார்க் சார் எழுந்தார்.

"நான் போடறேன் அந்த வேஷத்தை."

நாடகத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவருக்கு வசனம் மறந்துபோனது. நான் கத்தக் கத்தக் காதில் விழவில்லை. சட்டென்று சுத்தியலால் மேஜையைத் தட்டினார்.

"யாருய்யா அங்க திரைக்குப் பின்னாடி? இந்தக் கோர்ட்டுல சத்தம் ஜாஸ்தி! அந்தம்மாவக் கூண்டுல ஏத்துங்க!"

விசில் பறந்தது. சிரித்துச் சிரித்து என் கையிலிருந்த தாள்களெல்லாம் கீழே விழுந்தன. மேடையில் அவர் கம்பீரமாக மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் மனம் சோர்ந்த நாட்கள் அவருக்கு இருந்தன. ஆனால் இப்போது அவரே ஆபீஸ் வாசலில் வந்து நின்று சொல்லுவார்: "இன்னிக்கி மனசு சரியில்லம்மா. கொஞ்சம் பேசிட்டுப் போறேன்."

நாற்காலியை இழுத்துப் போடுவேன்.