தாவீது தண்ணி பழக்கிய கதை

கும்மிடிப்பூண்டி அரிசி மில்லில் ஆயில் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த தாவீது, முப்பத்து நான்காம் வயதில் ஒரு பெரிய பொய் சொன்னான். அதுவரை சொல்லாததற்குக் காரணம், பொய் சொல்லும்படி யாரும் அவனை எதுவும் கேட்டதில்லை என்பதுதான். மற்றபடி அவன் உத்தமன் என்று சத்தியம் செய்ய மில்லில் ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

பொய் சொன்ன இடம் ஆரம்பாக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், பெண் பார்க்கப் போன வீடு. பெண் விக்டோரியா, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுடைய அப்பா சாலமோன் சபை மூப்பர். ஊர் மதுவிலக்குக் கமிட்டியிலும் இருந்தார். அண்ணனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர் என்பதால், கமிட்டி வேலையை மற்றவர்களைப் போலப் பேருக்குச் செய்யாமல் நிஜமாகவே செய்தார். முன்பு வந்த மூன்று மாப்பிள்ளைகளை வாயை மோந்து பார்த்தே திருப்பி அனுப்பியவர்.

“வேலை முடிஞ்சா பொழுது எப்படிப் போவுது?” என்று கேட்டார்.

சீட்டாட்டத்தில் போகிறது. அதைச் சொல்ல முடியுமா? பக்கத்திலிருந்த அக்கா கிரேஸ் அவன் தொடையைக் கிள்ளினாள். மில் முதலாளியின் பட்டணத்து வீட்டில் ஒரு தடவை பார்த்தது ஞாபகம் வந்தது.

“மீன் வளக்கிறேங்க. கண்ணாடித் தொட்டியில.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த விக்டோரியா நிமிர்ந்தாள். “இன்னா மீனு?”

“தங்க மீனுங்க.”

“ஊடு பாக்கப் போவும்போது நானும் வரேன்பா” என்றாள் அப்பாவிடம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே கிளம்பி வரும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வைக்காக, தாவீது தங்க மீன் என்ன, திமிங்கலமே வளர்க்கத் தயாராக இருந்தான். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று ரயிலிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டான்.

மறுநாளே இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, தொட்டி தயாரானது. பட்டணத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போய் நான்கு தங்க மீன் வாங்கி வந்தான். என்ஜினைத் துடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தினமும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினான். மூன்றாம் நாள் நான்கும் மல்லாந்தன. இன்னும் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி வாங்கினான். அவை இரண்டே நாளில் போயின. மூன்றாம் தடவை போய் நின்றபோது, மீன் கடை ஹனீப் தலையிலடித்துக்கொண்டார்.

“இன்னா நைனா, நீ மீன் வளக்கிறியா, பலி குடுக்கிறியா? பச்சத் தண்ணியில மீன் நிக்காது. தண்ணி பழகணும். மீனே போடாத ஒரு மாசம் உட்டு வை. என் தொட்டி மணலு ஒரு புடி தரேன், அடியில போடு. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடு. மொதல்ல கலங்கும், நாறும். பயந்துக்கினு கழுவிடாத. தானா தெளியும். அப்புறம் வா.”

“மீனே இல்லாம தீனி யாருக்கு பாய்?”

“தண்ணிக்கு.”

தாவீது அப்படியே செய்தான். காலையில் மில்லுக்குப் போகுமுன் வெறும் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, பொறுப்பாகத் தவிடு தூவினான். எதிர்வீட்டு முத்தம்மாள், கல்யாணம் தள்ளிப் போனால் ஆண்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று இரக்கப்பட்டாள்.

இதற்கிடையே ஆரம்பாக்கத்திலிருந்து, வரும் வாரம் வருகிறோம் என்று தகவல் வந்தது. நாள் தள்ளிப்போடக் கிரேஸை அனுப்பினான். மீன் செத்ததைப் பற்றி மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை. கிரேஸ் மூச்சு விடவில்லை. மீதியையெல்லாம் சொல்லிவிட்டாள்.

“ஒரு மாசம் கழிச்சி வாங்க மூப்பரே. தம்பி இப்பத்தான் தண்ணி பழக்கிக்கினு கீறான். ரெண்டு தபா அவசரப்பட்டு எல்லாம் பாழாப் போச்சு. மூர் மார்க்கெட் ஆளு ஒருத்தரு இப்ப பக்குவம் சொல்லிக் குடுத்துக்கீறாரு.”

சாலமோனுக்குத் ‘தண்ணி’ என்றால் ஒரே அர்த்தம்தான். அன்று சாயங்காலத்துக்குள், மாப்பிள்ளைப் பையன் பட்டணத்து ஆளிடம் குடிக்கக் கற்றுக்கொள்கிறான் என்ற செய்தியை ஆரம்பாக்கம் முழுக்க அவரே பரப்பினார். சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்கினார். விக்டோரியாவும் பிடிவாதமாகக் கூடவே வந்தாள்.

தாவீது தவிடும் கையுமாக நின்றான். சாலமோன் முதலில் அவன் வாயை மோந்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். ஒன்பதாம் நாள் தண்ணீர், கழுநீர்போல் வெளுத்துக் கலங்கி, மூக்கைப் பிடிக்கும்படி நாறிக்கொண்டிருந்தது.

“சாராய ஊறலா போட்டுக்கீற? ஊட்டு நடுவுல வச்சா?”

“ஐயோ, இது வெறும் தண்ணிங்க.” நிரூபிக்க வேறு வழி தெரியாமல், தாவீது ஒரு டம்ளர் மொண்டு மடமடவென்று குடித்துவிட்டான்.

“பழகுன வாயி, எதையும் குடிக்கும்” என்ற சாலமோன், டம்ளரை வாங்கித் தாமும் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கிரேஸ் உள்ளே ஓடிப்போனாள்.

“சாராயம் இல்ல” என்றார், துப்பிவிடலாமா என்று யோசித்து, மூப்பர் துப்பக் கூடாது என்று விழுங்கிவிட்டு.

“அப்ப மீன் எங்க?” என்று கேட்டாள் விக்டோரியா.

குடிகாரன் என்ற பேரிலிருந்து தப்பித்தால் பொய்யன் என்ற பேர் காத்திருந்தது. தாவீதுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று மீனும் இல்லை, தொட்டியும் இல்லை, சீட்டு மட்டும்தான் இருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். செத்த எட்டு மீனையும் சொன்னான்.

“பொய் சொன்னவனுக்குப் பொண்ணு கெடையாது” என்று சாலமோன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

விக்டோரியா அசையவில்லை. தவிட்டு டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். “இன்னும் எத்தினி நாளு?”

“இருபத்தொண்ணு.”

“மூணு ஞாயித்துக்கெழமை கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு கேக்கணும் இல்லப்பா? நாளைக்கே ஆரம்பிச்சா சரியாப் போவும். மீனு நான் வந்து போட்டுக்கிறேன். இவரு கையில குடுத்தா கழுவியே கொன்னுடுவாரு.”

சாலமோன் மகளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவளை எதிலும் ஜெயித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் முதல் ஓலையைக் கேட்கக் கிரேஸ் மட்டும்தான் ஆரம்பாக்கம் போனாள். மாப்பிள்ளை விடியற்காலையிலிருந்து செம்பும் கையுமாகக் கொல்லைக்கு நடந்துகொண்டிருந்தான். கிரேஸ் திரும்பி வந்து, அவன் பாயோரம் உட்கார்ந்து சொன்னாள்.

“தடை சொல்ல யாராச்சும் உண்டான்னு பாதிரி ஐயரு கேட்டாரு. சனமெல்லாம் மூப்பரையே பாக்குது. அவரு எழுந்தாரு. எனக்கு உசுரே போச்சு தம்பி. ‘பையனைப் பத்தி நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் ஊட்ல இருக்கிறது வெறும் தண்ணி. நானே குடிச்சிப் பாத்தேன்’னாரு. அவ்ளோதான். வயித்தைப் புடிச்சிக்கினு வெளிய ஓடிட்டாரு.”